சாலாமிசிரியில் ஒரு துளை!

1

"அய்யய்யோ... யாராவது ஓடியாங்களேன்...!"

காலை ஆறு ஐம்பது. காஜியார் வீதி முழுக்க அந்த அலறல் கேட்டது.

அலறியவள் பால் பாக்கெட் போடும் ராஜாம்பாள். கையிலிருந்து நழுவிய பாக்கெட் உடைந்து, பால் வாசற்படியில் இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

திறந்திருந்த கதவுக்குள்ளே... யாகூப்!

எழுபத்தியொரு வயது. தரையில் ஒருக்களித்துக் கிடந்தார். சட்டை முழுக்க வாந்தி. ஒரு கை மட்டும் நாற்காலியின் காலைப் பிடித்திருந்தது.

"பாய்... பாய்! கண்ணத் தொறங்க பாய்! ராஜாம்பா வந்திருக்கேன்!"

உதடு அசைந்தது.

"போ... போலீஸைக் கூப்பிடு..."

"போலீஸா? மொதல்ல ஆம்புலன்ஸைக் கூப்புடறேன் பாய்!"

"அதையும் கூப்பிடு... ஆனா... போலீஸ்..."

கண்கள் மூடிக்கொண்டன.

ஆம்புலன்ஸுக்கு முன்னால் போலீஸைத் தேடிய நோயாளியை ராஜாம்பாள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். யோசிக்க நேரமில்லை. இரண்டு இடத்துக்கும் போன் அடித்துவிட்டு, மறுபடியும் வீதியைப் பார்த்து அலறினாள்.

2

இன்ஸ்பெக்டர் துர்காவின் செல்போன் ஒலித்தபோது, அவள் போலீஸ் குவார்ட்டர்ஸில் பார்சல் இட்லியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்திரண்டு வயது. காரைக்காலிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம். கல்யாணம் ஒன்று நடந்தது. ஆறு வருஷத்தில் முடிந்தும் போனது. ஹோட்டல்காரன் நாலு இட்லிக்கு மூன்று வகை சட்னி கட்டித் தருகிறான். அதில் எது நன்றாயிருக்கிறது என்று சொல்லக்கூட வீட்டில் ஆளில்லை. அது தனக்குப் பழகிவிட்டது என்று துர்கா அடிக்கடி தனக்குத் தானே சொல்லிக்கொள்வாள். அடிக்கடி சொல்லவேண்டியிருந்தது என்பதுதான் விஷயம்.

"மேடம்! அஞ்சலாட்சி பேசறேன். காஜியார் வீதியில ஒரு பெரியவரு. விஷமாம் மேடம்!"

"உயிர் இருக்கா?"

"இருக்குது மேடம். பேச்சும் இருக்குது. உங்களைத்தான் கேக்கறாராம்."

"என்னையா?"

"போலீஸை மேடம். யாரா இருந்தாலும் பரவால்லையாம்!"

இட்லி மறுபடியும் பொட்டலத்துக்குள் போனது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் இராமதாஸ் எதிரே வந்தார்.

"என்ன விஷம் டாக்டர்?"

"ராத்திரி பூரா வாந்தி, பேதி, தொண்டை எரிச்சல். பிரஷர் இறங்கிட்டே போகுது. டேபிள் மேல ஏதோ கிழங்கு கெடந்துச்சுன்னு ஆம்புலன்ஸ்காரங்க சொன்னாங்க. கலப்பைக் கிழங்கா இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம். வேலியில படர்ந்து செவப்பும் மஞ்சளுமா பூக்குமே... அதோட கிழங்கு. லேப் ரிப்போர்ட் வரட்டும்."

"பிழைச்சிருவாரா?"

"சாயங்காலம் கேளுங்க. இப்ப ரெண்டு நிமிஷம் பேசலாம். அதுக்கு மேல கூடாது."

கட்டிலில் யாகூப் பாதியாகிப் போயிருந்தார். துர்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கான்ஸ்டபிள் அஞ்சலாட்சி பின்னால் நின்று நோட்டைப் பிரித்தாள்.

"சொல்லுங்க பெரியவரே. என்ன சாப்பிட்டீங்க?"

"சாலாமிசிரி..."

பின்னால் 'களுக்' என்று ஒரு சத்தம். துர்கா திரும்பினாள்.

"என்ன சிரிப்பு அஞ்சலாட்சி?"

"ஒண்ணுமில்ல மேடம். அது... புது மாப்பிள்ளைங்க சாப்பிடற சாமான் மேடம்!"

அந்த நிலைமையிலும் யாகூப்பின் முகம் சிவந்தது.

"தெம்புக்கு! தெம்புக்குத்தான்! சம்சாரம் மௌத்தானதுலேர்ந்து சரியா சாப்பாடு எறங்கறதில்ல. எட்டு வருசமா... பால்ல காய்ச்சிக் குடிக்கறேன்."

"எங்க வாங்கினீங்க?"

அவர் சுவரைப் பார்த்தார். பிறகு மேலே ஓடிய ஃபேனைப் பார்த்தார்.

"முல்லா வீதி... ஹாஜிரா மருந்துக் கடை. செவ்வாக்கெழம ஒரு சரம் குடுத்தாங்க. நேத்து சாயங்காலம் பொடிச்சுக் குடிச்சேன்."

"அவங்க மேல புகார் குடுக்கறீங்களா?"

"அவங்க நல்லவங்க மேடம். தெரிஞ்சு பண்ணியிருக்க மாட்டாங்க. ஏதோ மாறிப் போயிருக்கும். ஆனா..."

"ஆனா?"

"கேஸ் முடியற வரைக்கும் அவங்களை ஊரை விட்டு அனுப்ப மாட்டீங்கதானே? பாஸ்போர்ட்டை... வாங்கி வச்சிருவீங்கதானே?"

"வெளிநாடு போறாங்களா?"

"இன்னிக்கு ராத்திரி... பிரான்சுக்கு."

"அப்ப கண்டிப்பா வாங்கி வைப்போம்."

யாகூப் தலையணையில் சாய்ந்தார். முகத்தில் வலி சற்றுக் குறைந்தது போலிருந்தது. மருந்து வேலை செய்கிறது என்று துர்கா நினைத்துக்கொண்டாள்.

3

யாகூப்பின் வீடு. ஒரே கூடம், ஒரு சமையலறை, மேலே மொட்டை மாடி.

மேஜை மேல் ஒரு சின்ன இரும்பு உரல். பக்கத்தில் ஒரு கண்ணாடி கிளாஸ். அதன் அடியில் ஒரு விரல் அளவு பால் மிச்சமிருந்தது. துர்கா சாய்த்துப் பார்த்தாள். தண்ணீராக ஓடியது.

உரலுக்கு அந்தப் பக்கம்... சரம்!

பழுப்பு வெள்ளையில் காய்ந்த கிழங்குத் துண்டுகள். முப்பது, முப்பத்தைந்து இருக்கும். வெள்ளை நூலில் வரிசையாகக் கோத்திருந்தது. துர்கா அதை எடுத்து பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு ஒட்டினாள்.

"ஜன்னல் பக்கத்துல என்ன மெஷின் அது?"

"தஸ்பீஹ் மணி செய்யற பட்டறை மேடம்," என்றாள் அஞ்சலாட்சி. "தொழுகைக்கு எண்ணுவாங்களே, அந்த மாலை. பேரீச்சங்கொட்டை, சந்தனக்கட்டைல்லாம் கடைஞ்சு மணி பண்ணுவாராம். நாப்பது வருசத் தொழிலாம். மிஷன் வீதி கடைங்களுக்கெல்லாம் இவருதானாம் முன்ன."

"சொந்தக்காரங்க?"

"யாருமில்ல மேடம். புள்ளைங்களும் இல்ல. பால்காரம்மா, பள்ளிவாசல், அந்த மருந்துக் கடை... இம்மாந்தான் மனுசன் பொழப்பு."

துர்கா அவருடைய செல்போனை எடுத்துப் பார்த்தாள். பழைய பட்டன் போன். கடைசியாகப் பேசிய நம்பர்கள் வரிசையாக வந்தன.

ஹாஜிரா. கேஸ் புக்கிங். ஹாஜிரா. ஹாஜிரா. கேஸ் புக்கிங். ஹாஜிரா.

மூன்று மாதத்துக்கு அவ்வளவுதான்!

அஞ்சலாட்சி எட்டிப் பார்த்து, "பாவம் மேடம்," என்றாள்.

துர்கா போனைக் கவருக்குள் போட்டாள். அவளுடைய போனில் கேஸ் புக்கிங்குக்குப் பதில் ஸ்டேஷன் நம்பர் இருந்தது. அதைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை.

4

முல்லா வீதி. பத்தே முக்கால்.

கடைக்குள் காலெடுத்து வைத்ததும் அதிமதுரமும் கசகசாவும் பழைய மரமும் கலந்த வாசனை. உச்சி வரைக்கும் டிராயர்கள். நடுவில் இரண்டு பெரிய சூட்கேஸ்கள், கட்டி முடித்து நின்றன.

அவற்றுக்கு நடுவே ஹாஜிரா. ஐம்பத்தொன்பது வயது. ஹகீமாக, அதாவது யூனானி வைத்தியராக இருந்த புருஷன் போய்ப் பதினோரு வருஷம். அதற்கப்புறம் கடையை ஒற்றை ஆளாக நடத்தியவள்.

கல்லாவில் உட்கார்ந்திருந்தவன் அஸாருதீன். புருஷனுடைய தம்பி மகன். முப்பத்திநாலு வயது. கடைச் சாவி அவன் விரலில் சுற்றிக்கொண்டிருந்தது.

துர்கா விஷயத்தைச் சொன்னாள்.

ஹாஜிரா சூட்கேஸ் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"யா அல்லாஹ்... யாகூப் பாய்க்கா? உயிருக்கு...?"

"சாயங்காலம்தான் தெரியும்."

"நான் போய்ப் பாக்கணும். இப்பவே!"

"நீங்க எங்கயும் போக முடியாதும்மா. பாஸ்போர்ட்டைக் குடுங்க."

"மேடம்... அஞ்சு மணிக்குக் கார் வருது. ராத்திரி சென்னையில ஃப்ளைட். என் மக ஸமீஹா ரெண்டு வருசமா அலைஞ்சு விசா வாங்கியிருக்கா. நாளைக்குள்ள அங்க போய் எறங்கலன்னா அது செல்லாது!"

"அவர் பிழைக்கலன்னா இது கொலைக் கேஸ். விசாவைப் பத்தி அப்ப பேச வேண்டியிருக்காது. பாஸ்போர்ட்."

ஹாஜிரா கைப்பையைத் திறந்தாள். நீலநிறப் புத்தகம் துர்காவின் கைக்கு மாறியது.

கல்லாவிலிருந்து அஸாருதீன் குரல் கொடுத்தான்.

"நான் அப்பவே சொன்னேன் பெரியம்மா. எழுபது வயசுல அந்தாளுக்கு சாலாமிசிரி எதுக்குன்னு வீதியே சிரிக்குது. தெனம் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் வந்து உக்காந்துக்குவாரு. நீங்களும் காய்ச்சிக் காய்ச்சிக் குடுத்தீங்க!"

"வாய மூடு அஸார்!"

துர்கா சூட்கேஸ்களுக்கு எதிரே இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தெனமும் நீங்கதான் காய்ச்சிக் குடுப்பீங்களா?"

"ஆமா மேடம். நான் ஊருக்குப் போறேன்ல... இனிமே அவரே செஞ்சுக்கட்டும்னு செவ்வாக்கெழம ஒரு சரத்தைக் கையில குடுத்தேன். அவரு அதை வாங்கி மடியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தாரு. 'மெர்சி'ன்னு பிரெஞ்சுல ஒரு நன்றி மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாரு."

"அந்தச் சரத்துல கலப்பைக் கிழங்கு எப்படி வந்துச்சு?"

ஹாஜிரா நிமிர்ந்தாள்.

"வர முடியாது. என் கடையில அது வர முடியவே முடியாது!"

"எல்லாக் கடைக்காரங்களும் அதைத்தான் சொல்வாங்க."

"காட்டறேன், பாருங்க."

எழுந்து போய் மேல் டிராயரை இழுத்து ஒரு சரத்தை எடுத்து வந்தாள். காய்ந்து இறுகிய சின்னச் சின்னக் கிழங்குகள். விளக்கில் பார்த்தால் லேசாக ஒளி ஊடுருவியது.

"இதுதான் சாலாமிசிரி. இமயமலைப் பக்கம் மண்ணுல மொளைக்கற ஆர்க்கிட் செடி. பூ அழகா இருக்கும். ஆனா நமக்கு வேண்டியது கிழங்குதான். ஒரு செடிக்கு ரெண்டு கிழங்கு. ஒண்ணு இந்த வருசப் பூவுக்கு உழைச்சு வாடினது. இன்னொண்ணு அடுத்த வருசத்துக்காகப் புதுசா உருண்டது. புதுசை எடுத்துக்குவாங்க. பழசை மண்ணுலயே விட்டுருவாங்க."

"விட்டா?"

"அது என்ன பண்ணும்? தனியா கெடந்து மக்கிப் போவும். அடுத்த வருசம் செடி வராது. அப்படியே எடுத்து எடுத்துத்தான் காட்டுல இல்லாமப் போச்சு. இப்ப எடுக்கக் கூடாதுன்னு சட்டம். இது எங்க வீட்டுக்காரர் காலத்துச் சரக்கு. தீந்துச்சுன்னா தீந்துச்சு."

அஞ்சலாட்சிக்குத் திடீரென்று ஒரு ஞாபகம்.

"ஆர்க்கிட்டுன்னா... எங்க ஊர்ல மாமரத்துல தொத்திக்கினு வளருமே, மரவாழை, அதுவா? காதுவலிக்கு அதோட இலையை வாட்டிச் சாறு புழிஞ்சு விடுவாங்க மேடம்!"

"அதுவும் இந்த ஜாதிதான்மா. அது மரத்துல, இது மண்ணுல. ஐஸ்கிரீம்ல போடற வெனிலா கூட இதுக்குச் சொந்தம்தான்."

"பாடம் போதும்," என்றாள் துர்கா. "விஷம் எப்படி வந்துச்சுன்னு சொல்லுங்க."

ஹாஜிரா சரத்தைத் தன் பக்கம் இழுத்தாள். ஒரு கிழங்கை வெட்டியெடுத்து உரலில் இடித்தாள். பொடியைப் பாலில் போட்டு, ஸ்டவ்வில் வைத்துக் கலக்கினாள். மூன்று நிமிஷம். கிளாஸில் ஊற்றி துர்காவின் கையில் கொடுத்தாள்.

"சாய்ச்சுப் பாருங்க."

துர்கா சாய்த்தாள்.

பால் ஓடவில்லை! கூழாக இறுகி, கிளாஸின் ஓரத்தை மெதுவாக எட்டிப் பார்த்தது.

"ஒரு கிழங்கு போதும் மேடம். கிளாஸ் பூராவும் கட்டிரும். அவரு குடிச்ச கிளாஸ்ல மிச்சம் இருந்துச்சா?"

துர்காவின் புருவம் சுருங்கியது.

"இருந்துச்சு. தண்ணியா இருந்துச்சு!"

"அப்ப அது சாலாமிசிரியே இல்ல."

"சரி. இல்லாததைத்தானே நீங்க வித்திருக்கீங்க? கேஸ் உங்களுக்கு எதிராத்தான் போகுது!"

ஹாஜிரா திகைத்தாள். உண்மைதான். தன் வாயாலேயே தன் கழுத்துக்குக் கயிறு திரித்துக் கொடுத்திருந்தாள்.

"அந்தச் சரத்தை... ஒரு தடவை நான் பாக்கலாமா?"

"பாக்கலாம். தொடக் கூடாது."

துர்கா கையுறையை மாட்டிக்கொண்டு, கவரிலிருந்து சரத்தை எடுத்துத் தூக்கிப் பிடித்தாள். ஹாஜிரா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள். ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

"மேடம்! அந்தத் துண்டுல ஒண்ணைத் தள்ளுங்க."

"எதுக்கு?"

"தள்ளுங்களேன்!"

துர்கா ஒரு துண்டை விரலால் தள்ளினாள். அது நூலில் வழுக்கிக்கொண்டு ஓடி, அடுத்த துண்டில் 'டக்' என்று மோதி நின்றது.

"இப்ப என் சரத்துல தள்ளுங்க."

தள்ளினாள். அசையவில்லை. அழுத்தித் தள்ளினாள். ம்ஹூம்! நூலோடு ஒட்டிக் கிடந்தது.

ஹாஜிராவின் குரலில் முதன்முதலாக உயிர் வந்தது.

"தோண்டினதும் சாலாமிசிரியை வேக வைப்பாங்க மேடம். இல்லன்னா மறுபடி மொளைச்சிரும். வெந்த சூட்டோட ஊசியால நூல்ல கோத்து வெயில்ல தொங்க விடுவாங்க. காயக் காயக் கிழங்கு சுருங்கி நூலைக் கவ்விக்கும். எந்த ஊர்லேர்ந்து வந்தாலும் இதான் வழக்கம். இந்தச் சரத்துல துண்டெல்லாம் மொதல்ல காஞ்சிருக்கு. அப்புறமா ஓட்டை போட்டிருக்காங்க! ஊசியால இல்ல. வட்டத்தைப் பாருங்க, எவ்வளவு சுத்தமா இருக்கு!"

துர்கா ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தாள். ஒவ்வொரு துண்டிலும் ஒரே அளவு. ஒரே நேர்க்கோடு. விளிம்பில் பிசிறு கூட இல்லை.

டிரில் போட்ட துளை!

5

"அஸாருதீன்!"

துர்காவின் குரலில் கல்லாப் பெட்டியே அதிர்ந்தது. சாவி அவன் விரலிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

"மே... மேடம்?"

"செவ்வாய்க்கெழம நீ கடையில இருந்தியா?"

"இருந்தேன். அதுக்கு?"

"சரம் இருக்கற டிராயர் உனக்குத் தெரியும். பெரியம்மா மேல பழி விழுந்தா கடையை மொத்தமா சுருட்டலாம். சரிதானே?"

அஸாருதீன் இரண்டு வினாடி முழித்தான். பிறகு கோபமாகச் சிரித்தான்.

"மேடம், கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க! பெரியம்மா இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கார் ஏறினா, அஞ்சு அஞ்சுக்குக் கடை எனக்கு. பத்திரமே எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரு வாரமா நான் தூங்கல, இவங்க எப்படா கெளம்புவாங்கன்னு! அப்படிப்பட்டவன் அவங்க பயணத்தையா நிறுத்துவேன்? நல்லாருக்கே கதை!"

கெட்ட மனசுதான். ஆனால் கணக்கு சரியாக இருந்தது.

துர்கா அவனையே பார்த்தாள். அவன் சொன்னது மண்டைக்குள் திருப்பிப் போட்ட சட்டையாக மாறியது.

போனால் இவனுக்கு லாபம்.

அப்படியானால்... போனால் யாருக்கு நஷ்டம்?

"ஹாஜிராம்மா. ஒரு கேள்வி. எட்டு வருசமா இந்தப் பாலைக் குடிக்கறவரு... நேத்து தண்ணியா இருந்ததைக் குடிச்சிருக்காரு. அவருக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்காதா?"

"மொத வாய்லயே தெரிஞ்சிருக்கும் மேடம். அதான் எனக்கும் புரியல. கொஞ்சம் இளகலா இருந்தாலே 'இன்னிக்குக் கை கொறைஞ்சு போச்சு ஹாஜிரா'ம்பாரு. அப்படிப்பட்டவரு இதைப் போயி ஏன்..."

துர்காவின் காதில் ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒரு குரல் கேட்டது. உயிர் ஊசலாடும்போது மனிதன் 'நான் பிழைப்பேனா' என்று கேட்பான். யாகூப் அதைக் கேட்கவில்லை.

பாஸ்போர்ட்டைக் கேட்டார்!

"அஞ்சலாட்சி! ஜீப்பை எடு. மறுபடி காஜியார் வீதி!"

6

இந்தத் தடவை துர்கா நேராக ஜன்னலோரப் பட்டறைக்குப் போனாள்.

சின்ன டிரில் மெஷின். பல வருஷம் விரல் பட்டு மழுங்கிய கைப்பிடி. முனையிலிருந்த ஊசித் திருகின் வரிகளில் சந்தனப் பொடி இல்லை. வெள்ளை மாவு அப்பியிருந்தது.

"மேடம்... மாடியில!"

அஞ்சலாட்சி இறங்கி வந்தாள். கையில் ஒரு பழைய முறம். அதில் சீவிப் போட்ட கிழங்குத் தோல் சுருண்டு கிடந்தது. ஒரு முழுக் கிழங்கும் இருந்தது. கலப்பை போல வளைந்து!

"எங்க ஊர் வேலியில இது மண்டிக் கெடக்கும் மேடம். தொடாதன்னு சொல்லித்தான் வளப்பாங்க. சந்தேகமே இல்ல."

இனி ஒன்றுதான் பாக்கி. ஹாஜிரா கொடுத்த நிஜச் சரம் எங்கே?

அலமாரியில் இருந்தது. துவைத்து மடித்த கைக்குட்டையில் சுற்றி, சம்சாரத்தின் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். ஒரு கிழங்கு கூடக் குறையவில்லை.

துர்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு நடந்ததைக் கோத்துப் பார்த்தாள். பொய்ச் சரத்துக்குக் கிழங்கைக் காய வைத்துவிட்டார். பிறகுதான் சரத்தில் துளை வேண்டும் என்பது ஞாபகம் வந்திருக்கிறது. காய்ந்த கிழங்கில் ஊசி இறங்காது. கோணல்மாணலாக ஏதாவது குத்தியிருந்தால் கூட யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். ஆனால் நாற்பது வருஷம் மணிக்குத் துளை போட்ட கைக்குக் கோணல் துளை போட வரவில்லை!

துர்காவுக்குக் கோபம் வரவேண்டும். வந்தது. அதோடு அந்தப் பட்டன் போனும் ஞாபகத்துக்கு வந்தது. இரண்டையும் ஒதுக்கிவிட்டு, "ஹாஜிராம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வா," என்றாள்.

7

சாயங்காலம் நாலு இருபது.

"கண்டத்தைத் தாண்டிட்டாரு," என்றார் டாக்டர் இராமதாஸ். "இன்னும் நாலஞ்சு நாள் இங்கதான் இருக்கணும். கொஞ்சமாத்தான் போட்டேன்னு எங்கிட்ட உளறிட்டாரு. இதுல கொஞ்சம்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஆளைக் கொண்டு போறதுக்குப் பார்த்துச்சு."

துர்கா கட்டிலருகே போய் நின்றாள். ஹாஜிரா கதவோரமாகவே நின்றுவிட்டாள். யாகூப் அவளைப் பார்த்ததும் எழ முயன்றார். முடியவில்லை.

"ஹாஜிரா... நீ... ஊருக்குப் போகலியா?"

அந்தக் குரலில் இருந்த சந்தோஷம்! துர்கா தரையைப் பார்த்தாள்.

பிறகு பிளாஸ்டிக் கவரைத் தூக்கிக் காட்டினாள்.

"பெரியவரே, துளை ரொம்ப அழகா இருக்கு. தஸ்பீஹ் கடைக்குக் குடுத்திருந்தா நல்ல விலைக்குப் போயிருக்கும்."

யாகூப் கண்ணை மூடிக்கொண்டார். மூடிய இமைக்குக் கீழே தண்ணீர் வழிந்தது.

"எப்பத் தெரிஞ்சுது மேடம்?"

"மத்தியானமே. ஏன் பண்ணீங்க? அவங்க கொலைகாரின்னு ஜெயிலுக்குப் போயிருந்தா?"

"நான்தான் சாகப் போறதில்லயே மேடம்... கேஸ்னு ஒண்ணு இருந்தா பாஸ்போர்ட்டைத் தர மாட்டாங்கன்னு பள்ளிவாசல்ல ஒருத்தரு சொல்லிட்டிருந்தாரு. நாளைத் தாண்டிட்டா விசா செல்லாது. அப்புறம் நானே வந்து, அவங்க கடைச் சரக்கு இல்ல, நான்தான் வேலியில புடுங்கினதை மாத்திச் சாப்பிட்டுட்டேன்னு சொல்லிடலாம்னு..." மூச்சு வாங்கியது. "அஸர் முடிஞ்சா அந்தக் கடைக்குப் போவேன். அரை மணி நேரம் யாரோடயாவது பேசுவேன். மத்த இருபத்தி மூணரை மணி நேரமும் என் வீட்டுல சத்தம்னா அந்த டிரில் சத்தம்தான். மணி செய்ய ஆர்டரே இல்லன்னா கூட சும்மா ஓட விடுவேன் மேடம்..."

துர்கா பையிலிருந்து நீலப் புத்தகத்தை எடுத்து ஹாஜிராவிடம் நீட்டினாள்.

"உங்க மேல ஒண்ணும் இல்லம்மா. அஞ்சு மணிக் கார் உங்க இஷ்டம்."

ஹாஜிரா பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டாள். மெதுவாகக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாகூப் பாய்."

"மன்னிச்சிரு ஹாஜிரா..."

"விசா எப்ப கைக்கு வந்துச்சு தெரியுமா? நாலு மாசம் முன்னாடி. கடைசி நாள் வரைக்கும் டிக்கெட் போடாம இழுத்தேன். ஸமீஹா போன்ல திட்டினா. அஸார் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டான். எதுக்கு இழுத்தேன்னு நெனைக்கறீங்க?"

யாகூப்பின் கண்கள் திறந்தன.

"தெனமும் கிளாஸைக் கையில குடுக்கும்போது பாப்பேன். இன்னிக்குக் கேப்பீங்க... இன்னிக்குக் கேப்பீங்கன்னு. 'போகாத ஹாஜிரா'... ரெண்டு வார்த்தை! நிக்காஹ் பண்ணிக்கலாம்னு கூட நீங்க சொல்ல வேணாம். அந்த ரெண்டு வார்த்தை சொல்லியிருந்தா நான் அந்த டிக்கெட்டையே போட்டிருக்க மாட்டேன்!"

"ஊரு... ஊரு சிரிக்கும்னு..."

"ஊரு எட்டு வருசமா சிரிச்சிட்டுத்தானே இருக்கு! புதுசா என்ன சிரிச்சிரப் போவுது?"

"இப்பக் கேக்கறேன் ஹாஜிரா! போகாத..."

கேட்டே விட்டார். அஞ்சலாட்சியின் பேனா நோட்டின் மேல் அப்படியே நின்றது.

ஹாஜிரா அவரைப் பார்த்தாள். அவளுடைய கண்ணிலும் தண்ணீர் இருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்க பயந்தவரு, என் கையில வெலங்கு மாட்ட பயப்படல. இன்னிக்கு மேடம் நல்லவங்களா இருந்தாங்க. இல்லன்னா நான் எங்க இருந்திருப்பேன்? இப்படிப்பட்டவர நம்பி நான் எந்த தைரியத்துல இங்க இருக்கறது?"

"ஹாஜிரா..."

"ஒடம்பைப் பாத்துக்குங்க."

கதவு வரைக்கும் போனாள். திரும்பினாள். எந்தத் தமிழ் வீட்டிலும் 'போயிட்டு வரேன்' என்றுதான் சொல்வார்கள்.

"போறேன்," என்றாள்.

செருப்புச் சத்தம் வராந்தாவில் தேய்ந்து மறைந்தது. யாகூப் அந்தத் திசையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். துர்கா அவருடைய போர்வையை மார்பு வரைக்கும் இழுத்து விட்டாள். அது இன்ஸ்பெக்டர் செய்கிற வேலை இல்லை.

வெளியே வந்ததும் அஞ்சலாட்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே நோட்டைப் பிரித்தாள்.

"எந்த செக்ஷன்ல போடறது மேடம்?"

"பொய்ப் புகாருக்கு ஒண்ணு. சாட்சியத்தை ஜோடிச்சதுக்கு ஒண்ணு. ரெண்டையும் எழுது."

"அவ்வளவுதானா மேடம்? அந்தம்மா கிட்ட எட்டு வருசமா வாயத் தொறந்து கேக்காமயே இருந்தாரே, அதுக்கு?"

துர்கா ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"அதுக்கு இன்னும் சட்டம் வரல அஞ்சலாட்சி... வந்தா, ஊர்ல பாதிப் பேருக்கு நம்ம லாக்கப்புல இடம் பத்தாது!"